படித்தும் புரியாமல் போவது எதனால்? பெரியவர்களின் வாசிப்புப் புரிதலுக்கு அடியில் இருக்கும் திறன்கள்

கேள்வி: பட்டப்படிப்பிலும், வேலைக்கு நடுவே தொலைதூரக் கல்வியிலும் சேர்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் தடங்கலில்லாமல்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் முடிந்ததும் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல வருவதில்லை. நினைவாற்றல் போதவில்லையா, மொழி போதவில்லையா, கவனம் சிதறுகிறதா? எதை வளர்த்தால் சரியாகும்?

மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமலே பயிற்சியைத் தொடங்கிவிடுவதால்தான் பலர் மாதக்கணக்கில் உழைத்தும் பலன் காண்பதில்லை. கண் எழுத்தை எடுப்பது முதல் மனம் முழுப்பொருளைக் கட்டி முடிப்பது வரை பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. எந்த இடத்தில் தடைபட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே: "படித்தேன், புரியவில்லை." பெரியவர்களிடம் இந்தத் தடை நினைவாற்றலில் இருப்பதைவிட, சொல்லறிவிலும், நீண்ட வாக்கியங்களைப் பிரித்தறிவதிலும், பாடப்பொருளைப் பற்றி முன்பே தெரிந்திருப்பதிலும் இருப்பதே அதிகம் என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களை முதலில் சொல்கிறேன். சோதிக்கும் முறையும் பயிற்சியும் பின்னால் வரும்.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் முன்வைத்த வாய்பாடுதான் இன்றும் நல்ல தொடக்கம். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டையும் பெருக்கினால் வாசிப்புப் புரிதல் கிடைக்கும் என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டையும் 0 முதல் 1 வரை அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 1 எடுத்தவருக்கு மொழிப் புரிதல் 0.4 என்றால் வாசிப்புப் புரிதலும் 0.4தான். எழுத்தைக் கூட்டத் தெரியாதவருக்கு எவ்வளவு மொழியறிவு இருந்தாலும் பக்கம் திறக்காது. அழகாக உரக்கப் படிப்பவர் பொருள் தெரியாமல் நிற்பதையும், பேச்சில் கெட்டிக்காரர் புத்தகத்தில் திணறுவதையும் இந்த ஒரே வாய்பாடு விளக்கிவிடுகிறது.

சிறுவர்களிடம் முதல் பகுதிதான் பெரும்பாலும் வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. வயது ஏற ஏற எழுத்தறிவு பழகிப்போக, எடை இரண்டாவது பகுதிக்கு நகர்கிறது. கல்லூரி மாணவர் இருவருக்குள் புரிதல் வித்தியாசப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மொழியறிவையே. பள்ளியை இடையில் விட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வருபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. வாய்பாட்டில் வரும் 'கேட்டுப் புரிதல்' என்பது வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்வதைக் குறிப்பதில்லை. புத்தக மொழியைக் காதால் கேட்டாலும் புரிந்துகொள்வதைக் குறிக்கிறது. தமிழில் பேச்சு நடைக்கும் எழுத்து நடைக்கும் இடைவெளி பெரிது. வினைமுற்று, வேற்றுமை உருபு, இணைப்புச் சொல் எல்லாமே மாறுகின்றன. தமிழ் தாய்மொழி என்பதாலேயே பாடநூல் தமிழும் கைவந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த நடையைக் காதாலும் கண்ணாலும் நிறையச் சந்தித்தவருக்கே அது எளிதாகிறது. பெரியவர்கள் "என் தாய்மொழியே எனக்குப் புரியவில்லையே" என்று வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

அரைகுறையாகத் தெரிந்த சொற்கள்

சார்ல்ஸ் பெர்ஃபெட்டி என்ற ஆய்வாளர் சொற்களின் 'தரம்' பற்றிப் பேசுகிறார். ஒரு சொல்லின் எழுத்துவடிவம், ஒலி, பொருள் மூன்றும் மனத்தில் இறுகப் பிணைந்திருந்தால் அது பார்த்த கணமே முழுதாக எழுந்து வரும். பிணைப்பு தளர்ந்திருந்தால் எழுத்து தெரியும், ஒலியும் வரும், பொருள் மட்டும் மங்கலாகவோ தாமதமாகவோ வரும். அந்தத் தாமதம் நொடியின் ஒரு பகுதிதான். ஆனால் வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் நடந்தால், பத்தியின் முடிவுக்குள் முதல் வரி நழுவிவிடுகிறது.

டேவிட் பிரேஸும் உடன் ஆய்வாளர்களும் 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தறியும் திறனையும் கேட்டுப் புரிதலையும் கணக்கில் எடுத்த பிறகும் சொல்லறிவு தனியாக வாசிப்புப் புரிதலை விளக்கியது. எத்தனை சொல் தெரிய வேண்டும் என்பதற்கும் ஓரளவு கணக்கு உண்டு. துணையில்லாமல் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம் என்பது இரண்டாம் மொழி வாசிப்பு ஆய்வுகளில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. இந்த அளவை ஆங்கில நூல்களிலும் செய்தித்தாள்களிலும் எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களை ஒன்றாக எண்ணுவது) வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஆங்கில வழிக்கு மாறிய மாணவர்கள் பலர் இந்த எண்ணுக்கு வெகு கீழே இருந்துகொண்டு, தங்களுக்கு 'வாசிப்புத் திறன்' இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தாய்மொழியில் நன்றாக வாசிப்பவரின் உத்திகள்கூட, இரண்டாம் மொழியில் குறைந்தபட்சச் சொல்லறிவும் இலக்கணமும் வந்த பிறகே கைகொடுக்கும்.

முற்றிலும் தெரியாத சொல் வந்தால் மாணவர் நின்று அகராதியைப் பார்ப்பார். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் அதிகக் கேடு செய்கிறது. இயற்பியலில் 'வேலை', 'திறன்', கணிதத்தில் 'சார்பு', பொருளியலில் 'தேவை' ஆகியவை அன்றாடச் சொற்கள்போலவே இருந்தாலும் பொருள் வேறு. அன்றாடப் பொருளை வைத்துக்கொண்டே நான்கு பக்கம் கடந்து வந்தவருக்கு எங்கே தவறியது என்றே தெரியாது.

பொருத்தமில்லாத பொருளைத் தள்ளுவதும் ஒரு திறன்தான். கெர்ன்ஸ்பேகரும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் கல்லூரி வயதினரிடம் இதைச் சோதித்தார்கள். இரு பொருள் கொண்ட சொல்லில் முடியும் வாக்கியத்தைப் படித்ததும் முதலில் எல்லோருக்குமே இரண்டு பொருளும் மனத்தில் எழுகின்றன. நன்றாகப் புரிந்து படிப்பவர்கள் ஒரு நொடிக்குள் பொருந்தாததை விட்டுவிடுகிறார்கள். புரிதல் குறைந்தவர்களிடம் அது தங்கியே இருக்கிறது. "அவள் படகில் கடந்தது ஆறு" என்று படித்த பிறகும் எண் ஆறு மனத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். அப்படி நிற்பவை சேரச் சேர இடம் அடைபடும்.

வாக்கியத்தைப் பிரித்தல்

இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தமிழில் இதுவே பெரிய தடை என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"கடந்த ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்ட விதிகளைப் பின்பற்றாத நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கத் தவறிய அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கப்படாததைச் சுட்டிக்காட்டிய குழுவின் அறிக்கை ஏற்கப்படவில்லை."

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒரே வாசிப்பில் "தவறியது யார்? ஏற்கப்படாதது எது?" என்ற இரண்டுக்கும் சரியாகப் பதில் சொல்வது எளிதல்ல. பெயரெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது எதற்கு அடை என்பது அந்தப் பெயர்ச்சொல் வரும்வரை தெரியாது. முதன்மை வினை கடைசியில் வருகிறது. அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்குப் பின்பற்றாத, தவறிய, கேட்கப்படாத, ஏற்கப்படவில்லை என்று நான்கு எதிர்மறைகள். எதிர்மறை வாக்கியத்தைச் சரிபார்க்க உடன்பாட்டு வாக்கியத்தைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது 1970களிலேயே சோதனைகளில் காட்டப்பட்டது.

பிரித்தால் ஆறு சிறு வாக்கியங்கள் கிடைக்கும். கடந்த ஆண்டு விதிகள் அறிமுகமாயின. சில நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றவில்லை. அதிகாரிகள் அந்த நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த அதிகாரிகளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. இதை ஒரு குழு சுட்டிக்காட்டியது. அந்தக் குழுவின் அறிக்கை ஏற்கப்படவில்லை. இப்படிப் பிரிக்கத் தெரிந்தவருக்குப் புரிதல் பாதி முடிந்தது.

இன்னொன்று, காரணமும் நிபந்தனையும் தமிழில் பல சமயம் தனிச்சொல்லாக வராமல் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. "விலை குறைந்தால் தேவை கூடும்", "விலை குறைந்ததால் தேவை கூடியது", "விலை குறைந்தும் தேவை கூடவில்லை", "விலை குறைந்தாலும் தேவை கூடாது" ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு கூற்றுகள். வேகமாக ஓடும் கண் 'விலை, குறை, தேவை, கூடு' என்று நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். 'மட்டும்', 'கூட', 'ஏ', 'உம்', 'ஆவது' போன்ற சிறு ஒட்டுகளும் அப்படியே. தேர்வில் "தெரிந்த கேள்விதான், தப்பாகப் படித்துவிட்டேன்" என்று வரும் பிழைகளில் கணிசமானவை இந்த வால்களில் நடப்பவை.

வேக வாசிப்புப் பயிற்சிகளை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நின்று போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி. ஆங்கில வாசிப்பில் தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியவை. திரும்பிப் பார்ப்பது கெட்ட பழக்கம், அதை ஒழிக்க வேண்டும் என்று வேக வாசிப்பு வகுப்புகளில் சொல்வார்கள். திரும்பிப் பார்க்க முடியாதபடி, படித்த சொற்களை மறைத்துச் செய்த சோதனை ஒன்றைக் கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டார்கள், புரிதல் குறைந்தது. மௌன வாசிப்பு வேகம் குறித்த 190 ஆய்வுகளைத் தொகுத்த மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் சொன்ன சராசரி, ஆங்கிலக் கட்டுரை வாசிப்புக்கு நிமிடத்துக்கு 238 சொல். தமிழ்ச் சொல் உருபுகளையும் காலத்தையும் சுமந்து நீளமாக இருப்பதால் அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது.

செயல்நினைவு

படிக்கும் கணத்தில் தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் வேலையும் செய்யும் மனப்பகுதியைச் செயல்நினைவு என்கிறோம். 1980இல் மெரிடித் டேனமனும் பாட்ரிசியா கார்ப்பென்டரும் கல்லூரி மாணவர்களை வாக்கியங்களை உரக்க வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். எத்தனை சொல் நிற்கிறது என்பது வாசிப்புப் புரிதலோடு வலுவாக ஒத்துப்போனது. இதை வைத்து, நினைவுப் பயிற்சிச் செயலிகளில் எண்களையும் கட்டங்களையும் மனத்தில் வைத்துப் பழகினால் புரிதல் வளரும் என்று விற்கிறார்கள். அந்த வகைப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த மோனிகா மெல்பி-லெர்வாகும் சார்ல்ஸ் ஹியூமும் 2013லும் 2016லும் வெளியிட்ட பகுப்பாய்வுகளில், பயிற்சி செய்த விளையாட்டில் முன்னேற்றம் தெரிந்தது. வாசிப்புக்கு அது கடத்தப்படவில்லை. செயல்நினைவின் கொள்ளளவைப் பெரிதாக்க முயல்வதைவிட, சொல்லையும் வாக்கியத்தையும் பழக்கமாக்கி அதன்மேல் விழும் சுமையைக் குறைப்பதே பயனுள்ள வழி.

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. மனம் தகவலைக் கையாளும் வேகம் இளமைக்குப் பிறகு மெல்லக் குறைவது உண்மை. ஆனால் சொல்லறிவும் உலக அறிவும் நடுவயது தாண்டியும் வளர்கின்றன. வாசிப்புப் புரிதலில் அதிக எடை இவற்றுக்கே இருப்பதால், நாற்பது வயது மாணவர் இருபது வயது மாணவரைவிடப் பின்தங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

எழுதாமல் விட்டவை

எந்த எழுத்தாளரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. "மாத்திரையை நிறுத்தியதும் ரத்த அழுத்தம் மீண்டும் ஏறியது. மருத்துவர் அளவைக் குறைக்க மறுத்தார்." மாத்திரைதான் அழுத்தத்தை அடக்கி வைத்திருந்தது, மீண்டும் அதைத் தொடங்கியிருக்கிறார்கள், 'அளவு' என்றது மாத்திரையின் அளவு என்ற மூன்றுமே இரண்டு வாக்கியங்களிலும் இல்லை. வாசிப்பவர்தான் நிரப்பிக்கொள்கிறார். வால்டர் கின்ட்ச் இதை மூன்று நிலையாகப் பிரித்தார்: சொற்களும் வாக்கியங்களும் அப்படியே நிற்கும் மேல்தளம், அவை சொல்லும் கருத்துகளின் வலை, அந்தக் கருத்துகளோடு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்துக் கட்டும் நிலவரச் சித்திரம். மனப்பாடம் செய்பவர் முதல் நிலையிலேயே நிற்கிறார். சுருக்கம் எழுதத் தெரிந்தவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார். புதிய கணக்குக்கோ புதிய நோயாளிக்கோ படித்ததைப் பயன்படுத்த மூன்றாம் நிலை வேண்டும்.

மூன்றாம் நிலைக்குப் பாடப்பொருள் அறிவு இல்லாமல் போக முடியாது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள் என்று மதிப்பிடப்பட்டாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட மேலாகப் புரிந்துகொண்டார்கள். 1972இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பகுதியைத் தலைப்பில்லாமல் கொடுத்தபோது எளிய சொற்களாக இருந்தும் யாருக்கும் பிடிபடவில்லை. தலைப்பை முன்கூட்டியே சொன்னதும் தெளிந்தது. படித்து முடித்த பின் சொன்னபோது உதவவில்லை. அறிவு வாசிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி.

கடைசியாக, தனக்குப் புரிகிறதா என்று தானே கண்காணிக்கும் திறன். இதில் பெரும்பாலோர் மோசமான நீதிபதிகள். புரிந்ததாக ஒருவர் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கும் உண்மையான தேர்வு முடிவுக்கும் உள்ள ஒட்டுறவு, பல ஆய்வுகளின் சராசரியில் சுமார் 0.27 மட்டுமே (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) என்று டன்லாஸ்கியும் லிப்கோவும் 2007இல் எழுதினார்கள். வரி தடங்கலில்லாமல் ஓடினாலே புரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது இன்னும் எளிதாக ஓடும். அதனால் மயக்கம் கூடுகிறது. கண் நகர்ந்துகொண்டிருக்க மனம் வேறெங்கோ போய்விடுவதும் வாசிப்பில் மிகச் சாதாரணம். அதை ஒழுக்கக் குறைவாகப் பார்க்க வேண்டாம். வாக்கியமும் சொல்லும் கையை மீறும்போது மனம் விலகுவது அதிகம். எனவே அடிக்கடி நழுவும் இடம் எது என்று குறித்துவைத்தால் அதுவே ஒரு துப்பு.

தடை எங்கே என்று பார்ப்பது

சோதனைக்கு முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதை ஒட்டிய வயதில் கிட்டத்தில் பார்க்கும் திறன் குறையத் தொடங்குகிறது. வாசித்ததும் தலைவலி, வரி மாறிப்போவது, புத்தகத்தைத் தள்ளிப் பிடிப்பது இருந்தால் மற்ற எந்தப் பயிற்சிக்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு உங்கள் பாடநூலிலிருந்தே ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட இரண்டு பகுதிகளை எடுங்கள். ஒரே அத்தியாயத்தில், ஒரே கடினத்தில், இரண்டுமே இதுவரை படிக்காதவையாக இருக்கட்டும். முதல் பகுதியை மௌனமாக ஒரே முறை வாசித்து, மூடிவைத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதுங்கள். இரண்டாவதை வேறொருவர் நிதானமாக உரக்க வாசிக்கக் கேட்டு அதேபோல் எழுதுங்கள். கேட்டது தெளிவாகவும் படித்தது மங்கலாகவும் இருந்தால் தடை எழுத்தறிவிலோ சரளத்திலோ இருக்கிறது. இரண்டுமே மங்கல் என்றால் மொழியறிவையும் பாடப்பொருள் அறிவையும் பார்க்க வேண்டும். படித்தது தெளிவாக இருந்து கேட்டது நழுவினால், கேட்கும் கவனமே காரணமாக இருக்கலாம். வேறொரு நாளில் மறுபடி பாருங்கள்.

எழுத்தில் சந்தேகம் என்றால் முதல் பகுதியை உரக்க வாசித்துப் பதிவு செய்யுங்கள். 100 சொல்லுக்கு 5க்கு மேல் தவறினால் சரளப் பயிற்சி தேவை. தவறு குறைவாக இருந்தும் வேகம் எளிய கதை வாசிப்பின் பாதிக்கும் கீழே போனால் அதுவும் குறிப்பு. சிறுவயதிலிருந்தே எழுத்துப்பிழையும் மெதுவான வாசிப்பும் தொடர்ந்து வருகிறது, பேச்சில் எந்தக் குறையும் இல்லை என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது வயதானதும் மறைவதில்லை. பெரியவர்களிடம் பெரும்பாலும் 'சரியாக, ஆனால் மெதுவாக' என்ற வடிவில் நிற்கும். கல்வி உளவியலாளரிடம் மதிப்பீடு செய்துகொண்டால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி பிறக்கும்.

மொழியில் சந்தேகம் என்றால் அதே பகுதியில் 100 சொல்லை எண்ணி, தெரியாததற்கு வட்டமும், பார்த்திருக்கிறேன் ஆனால் விளக்க முடியாது என்பதற்கு அடிக்கோடும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 2 அல்லது 3க்குள் இருந்தால் சொல் தடையில்லை. 5ஐத் தாண்டினால் முதல் வேலை சொல்தான். சொல் சரியாக இருந்தால் மிக நீளமான இரண்டு வாக்கியங்களை எடுத்து, மேலே காட்டியதுபோல் சிறு வாக்கியங்களாகப் பிரித்துப் பாருங்கள். அதிலும் தவறில்லை என்றால் மூன்று வகைக் கேள்விகளை இன்னொருவரைக் கொண்டு தயாரிக்கச் சொல்லுங்கள்: ஒரே வரியில் பதில் இருப்பவை, இரண்டு வரிகளைச் சேர்த்தால் பதில் வருபவை, பகுதிக்கு வெளியிலுள்ள அறிவும் வேண்டியவை. மூன்றாம் வகையில் மட்டும் தவறு குவிந்தால் குறை வாசிப்பில் இல்லை, பாட அடிப்படையில் இருக்கிறது. பதில் எழுதும் முன் எத்தனை சரியாகும் என்று ஓர் எண்ணைக் குறித்துவையுங்கள். உண்மை முடிவோடு அது எவ்வளவு விலகுகிறது என்பதே உங்கள் கண்காணிப்புத் திறனின் அளவு.

தடைக்கு ஏற்ற பயிற்சி

சரளத்துக்கு: 150 முதல் 200 சொல் கொண்ட பகுதியை நன்றாக வாசிப்பவர் ஒருமுறை வாசித்துக்காட்ட, நீங்கள் மூன்று நான்கு முறை உரக்க வாசிக்க வேண்டும். நாளுக்கு 15 நிமிடம், வாரம் நான்கு நாள். மூன்றாம் முறைக்கு மேல் நேரம் குறையாவிட்டால் அன்றைய பகுதியை விட்டுவிடலாம். பலர் செய்யும் தவறு, கடினமான பாடப்பகுதியிலேயே இதைச் செய்வது. சொற்கள் தெரிந்த எளிய பகுதியில்தான் சரளம் வளரும்.

சொல்லுக்கு: வட்டமிட்ட எல்லாவற்றையும் கற்க முயன்றால் இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு 10 சொல் போதும். எல்லாப் பாடத்திலும் திரும்பி வரும் வரையறு, கருதுகோள், முரண்படு, விகிதம், ஏதுவாக, அடிப்படையில் போன்றவற்றுக்கு முன்னுரிமை. ஓர் அட்டையில் உங்கள் சொந்த விளக்கம், பாடநூலில் வந்த வாக்கியம், நீங்கள் எழுதிய வாக்கியம், அதே வேரிலிருந்து வரும் உறவுகள் (சார், சார்பு, சார்ந்த, சார்பின்மை) நான்கையும் எழுதுங்கள். 1, 3, 7, 21ஆம் நாள்களில் விளக்கத்தை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அகராதிப் பொருளை மட்டும் நகலெடுத்தால் பயனில்லை. அந்தச் சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதில்தான் அதன் பொருள் நிலைக்கிறது.

வாக்கியத்துக்கு: நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று வாக்கியம். முதலில் கடைசி வினைமுற்றுக்கு அடிக்கோடு. அதன் எழுவாய் எது என்று தேடி வட்டம். ஒவ்வொரு பெயரெச்சத் தொடரையும் அது தழுவும் பெயரோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் போடுங்கள். எதிர்மறைகளை எண்ணுங்கள். சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். பிறகு மூலத்தைப் பார்க்காமல் அவற்றை மீண்டும் ஒரே வாக்கியமாக இணைத்து, ஒப்பிடுங்கள். இணைக்கும் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுத்து நடை கைக்கு வருவது அதில்தான்.

பாடப்பொருளுக்கு: புதிய அத்தியாயத்துக்குள் நேரே போகாதீர்கள். அதே தலைப்பில் பள்ளிப் பாடநூலோ கலைக்களஞ்சியக் கட்டுரையோ ஒன்றை முதலில் வாசித்து, பிறகு கடினமான நூலுக்கு வாருங்கள். இரண்டு வாரம் ஒரே தலைப்பைச் சுற்றி நான்கைந்து கட்டுரைகள் வாசிப்பது, பத்துத் தலைப்பில் பத்துக் கட்டுரை வாசிப்பதைவிட மேல். அதே சொற்களும் கருத்துகளும் திரும்ப வருவதால் ஒவ்வொரு கட்டுரையும் அடுத்ததை எளிதாக்குகிறது.

எழுதாமல் விட்டதை ஊகிப்பதற்கும் கண்காணிப்புக்கும் சேர்த்து ஒரே பயிற்சி: ஒவ்வொரு பத்தி முடிவிலும் நின்று, "இது ஏன் உண்மை? முந்தைய பத்தியோடு இதற்கு என்ன தொடர்பு?" என்ற இரண்டுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்வது. இப்படித் தனக்குத்தானே விளக்கிக்கொண்ட மாணவர்கள், அதே பகுதியை இரண்டு முறை வாசித்தவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொண்டதை மிஷெலின் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் இரத்த ஓட்ட மண்டலப் பாடத்தை வைத்துக் காட்டினார்கள். பத்தியின் அமைப்பையும் கவனியுங்கள்: விவரிப்பா, வரிசையா, காரண விளைவா, சிக்கலும் தீர்வுமா, ஒப்பீடா? அமைப்பு பிடிபட்டால் எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

சுருக்கத்தை வாசித்த உடனே எழுத வேண்டாம். சற்று நேரம் கழித்து, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். உடனே எழுதினால் மேல்தளத்தில் ஒட்டியிருக்கும் சொற்கள் வந்து, புரிந்துவிட்டது என்று ஏமாற்றும். தாமதித்து எழுதுபவர்கள் தங்கள் புரிதலைக் கூடுதல் துல்லியமாக மதிப்பிடுகிறார்கள் என்பது கீத் தீடின் ஆய்வுகளில் தெரிந்தது. நினைவிலிருந்து மீட்பதால் தங்குவதும் கூடுகிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு 42 சதவீதம் நினைவிருந்தது. படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் மறுபடி படித்தவர்களே முந்தியிருந்தார்கள். இரவில் மறுவாசிப்பு செய்தவருக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். வண்ணப் பேனாவால் கோடிடுவதும் பலன் குறைந்த வேலைதான்.

பாடநூலைத் திரையில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்த டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும், தகவல் சார்ந்த பகுதிகளில், குறிப்பாக நேர நெருக்கடி இருக்கும்போது, தாளில் வாசித்தவர்களின் புரிதல் மேலாக இருந்ததாகக் கண்டார்கள். வித்தியாசம் சிறியதுதான். கடினமான அத்தியாயத்தை மட்டுமாவது அச்செடுத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் பத்திக்குப் பத்தி நிற்பதைத் திரையில் இன்னும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போது வேறு பாடத்திலிருந்து பகுதியை எடுத்தால் எண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு அர்த்தமில்லை, ஏனென்றால் பாடப்பொருள் அறிவு மாறிவிட்டது. அதே நூலில், இன்னும் படிக்காத அத்தியாயத்தில், அதே நீளத்தில் எடுங்கள். வட்டமும் அடிக்கோடும் குறைந்து, முன்கணிப்பும் முடிவும் நெருங்கி வந்திருந்தால் அதே பயிற்சியைத் தொடரலாம். சொல் எண்ணிக்கை குறைந்தும் மீட்டு எழுதுவது முன்போலவே இருந்தால், அடுத்த ஆறு வாரம் சொல் அட்டைகளைப் பாதியாக்கி, அந்த நேரத்தை வாக்கியம் பிரிப்பதற்குக் கொடுங்கள்.